வெண்பனியிற் காட்டுப்பூனைகள்: படமும் சொல்லும்

காட்டுயிர்களின் நிழற்படங்களைக் கண்டு மகிழ்தல் இக்காலத்து மக்கட்கு அன்றாட வழக்கமாகிவிட்டது. கைப்பேசியைத் திறந்த அளவில் வெண்பனியிற் புரளும் புலியும், பாறைமேற் படுத்திருக்கும் பனிச்சிறுத்தையும், உறைந்த ஏரியின்மீது நடக்கும் லிங்க்ஸ் பூனையும் கண்முன் வந்து நிற்கின்றன. திருவான்மியூர்க் கடற்கரையில் வியர்வை வழிய நின்றுகொண்டே இமயத்தின் கடுங்குளிரை ஒரு விரலசைவிற் காண்கின்றோம். காண்டல் எளிதாயிற்று, ஆயின், கண்டதைச் செவ்வனே எடுத்துரைக்கும் வழக்கம் அருகிவிட்டது. ‘எத்துணை அழகு!’ என்னும் வியப்புரையோடு நம் கடமை முடிந்ததென எண்ணி அடுத்த படத்திற்குச் சென்றுவிடுகின்றோம். இது நன்றன்று. காட்டுவிலங்கின் படத்தை வெளியிடுவோர் அஃது எங்கே, எவ்வாறு எடுக்கப்பெற்றது என்பதை மெய்யாக உரைத்தல் வேண்டும். அவ்வுரை இல்லாத படத்தை நாம் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. இதுவே யான் ஈண்டு நிறுவக் கருதிய பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தைக் கொள்வோம். இலண்டன் மாநகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் காட்டுயிர் நிழற்படப் போட்டியில், 2008 ஆம் ஆண்டிற்குரிய தலைமைப் பரிசினைப் பெற்றவர் ஸ்டீவ் வின்டர் என்னும் அமெரிக்கர். பரிசு பெற்ற படம் எடுக்கப்பட்ட இடமோ நம் நாட்டின் வடகோடியில் லடாக்கிலுள்ள ஹெமிஸ் தேசியப் பூங்கா. காலம் இரவு. வெண்பனி பொழிந்துகொண்டிருக்கின்றது. விழுகின்ற பனித்துகள்கள் ஒளிபட்டு இருளில் மின்னுகின்றன. அவற்றினூடே ஒரு பனிச்சிறுத்தை தன்னந்தனியே நிற்கின்றது. படத்தில் உள்ளவை இவ்வளவே.

இவ்வளவினைக் கண்ட ஒருவர், படமெடுத்தவர் அவ்விரவிற் கொட்டும் பனியில் நடுங்கி நின்று, விலங்கு வந்த கணத்தில் விசையை அழுத்தினார் என்றே எண்ணுவர். உண்மை வேறு. படம் எடுக்கப்பட்டபொழுது அவ்விடத்தில் மனிதர் ஒருவரும் இலர். சிறுத்தை நடந்து செல்லும் தடங்களை ஆராய்ந்து, அவற்றின் அருகே பல கருவிகளையும் விளக்குகளையும் பொருத்தி, பல மாதங்கள் காத்திருந்து பெற்ற பயன் அது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரொன்று தடத்தின் குறுக்கே செல்லும். விலங்கு அக்கதிரை மறித்த நொடியிற் கருவி தானே இயங்கும். வேறு வகைக் கருவிகள் நடமாடும் உடலின் வெம்மையை உணர்ந்து இயங்குவன. இவற்றையே தானியங்கிக் கருவிகள் என்கின்றோம்.

அங்ஙனமாயின் படமெடுத்தவரின் திறம் யாது என வினவுவார் உளர். விலங்கு எவ்வழியே வரும், எப்பாறையில் மணம் தெளித்து எல்லை குறிக்கும், ஒளி எத்திசையினின்று விழல் வேண்டும், பின்னணியில் எம்மலை தோன்றல் வேண்டும் என்பனவற்றை முன்னரே கணித்தல் அவர் திறம். கடுங்குளிரில் மின்கலங்கள் விரைந்து ஆற்றல் இழக்கும். பனி படிந்து கண்ணாடி மறையும். அவற்றையெல்லாம் பொறுத்திருந்து மீண்டும் மீண்டும் திருத்துதலும் அவர் திறமே. இச்செய்திகளை அறிந்த பின்னர்ப் படத்தின் பெருமை குறைகின்றதா? இல்லை, அறியாதபொழுது அழகினை மட்டும் வியந்தோம், அறிந்தபின் உழைப்பினையும் விலங்கின் அருமையையும் சேர்த்து வியக்கின்றோம். மெய்யுரை படத்திற்கு அணியே செய்கின்றது.

இம்முறை நம் நாட்டிற்குப் புதியதுமன்று. இற்றைக்கு ஏறக்குறைய நூறாண்டுகட்கு முன்னர், ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாயிருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்பார், சிவாலிக் காடுகளில் தடங்களின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, புலியின் கால் அதனைத் தீண்டியவுடன் ஒளி தோன்றிப் படம் பதியுமாறு செய்தார். 1927 இல் வெளிவந்த தம் நூலில் அப்படங்களை மட்டுமன்றி, அவற்றைப் பெற்ற வகையினையும் விரித்துரைத்தார். வேட்டைத் துப்பாக்கியே ஆண்மையின் அடையாளமென்று மதிக்கப்பட்ட அக்காலத்தில், கொல்லாமலே புலியைக் கைக்கொள்ளலாம் என்று மெய்ப்பித்துக் காட்டியவர் அவர்.

நம் ஊரையடுத்த மயிலாப்பூரிலும் இத்துறையிற் பெரும்புகழ் படைத்த ஒருவர் வாழ்ந்தார். அவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர், 1912 இற் பிறந்து 1996 இல் மறைந்தவர், 1970 இற் பத்மஸ்ரீ விருது பெற்றவர். யானை முதலிய தென்னாட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்ததோடு அமையாது, அவற்றின் ஒழுகலாற்றினை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியும், கோட்டோவியமாக வரைந்தும் காட்டினார். 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், ஒரு நாளிதழில் இடைவிடாது எழுதிவந்தார். அவர்பால் நாம் கற்கவேண்டியது, கருவியும் எழுதுகோலும் ஒரு கையினவாய் இருத்தல் வேண்டும் என்பதே. படம் காட்டுவதைச் சொல் விளக்கிற்று. சொல் கூறியதைப் படம் மெய்ப்பித்தது.

இனி, தமிழில் இத்தகைய படங்களை உரைக்கப் புகுவார்க்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. ‘பனி’ என்னும் நம் சொல் முதற்கண் குறிப்பது, மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் பார்வையை மறைக்கும் மூடலையுமே. முன்பனி, பின்பனி என்று பருவங்களை வகுத்த நம் முன்னோர் வாழ்ந்த நிலத்தில் வெண்பனி பெய்வதில்லை. தை மாதத்தில் உதகமண்டலத்துப் புல்வெளியிற் படியும் உறைபனியே நம்மிற் பலர் கண்ட மிகுதியான குளிர். ஆதலின், ‘பனியில் நிற்கும் சிறுத்தை’ என்று வாளா எழுதினால், மூடுபனியில் நிற்கும் விலங்கு என்று ஒரு சிறுவன் பொருள் கொள்ளக்கூடும். விழுகின்ற வெண்பனியா, தரையிற் படிந்து இறுகிய பனியா, கல்லென உறைந்த பனிக்கட்டியா என்று பிரித்து உரைத்தல் இன்றியமையாதது. ஒரு பனிச்சிறுத்தை முழங்கால் புதையும் புதுப்பனியில் நடப்பதற்கும், இறுகிய பனியில் நடப்பதற்கும் வேறுபாடு மிகவுண்டு.

விலங்கின் பெயரிலும் இவ்விடர் உளது. பனிச்சிறுத்தை என்று நாம் அழைப்பினும், மரபணு ஆராய்ச்சி அதனைச் சிறுத்தையினும் புலிக்கே நெருங்கிய உறவாகக் காட்டுகின்றது. புலிக்கு உறவாயினும் அஃது உறுமி முழங்குவதில்லை. லடாக்கு மக்கள் அதனை ‘ஷான்’ என்பர். மற்றொரு புறம், நம் சென்னைத் தோட்டங்களிலும் கூரைகளிலும் இராக்காலத்தில் உலவும் மரநாயை நாய் என்கின்றோம். புனுகுப்பூனையைப் பூனை என்கின்றோம். உண்மையில் அவை இரண்டும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. ஒன்று நாயுமன்று, மற்றொன்று பூனையுமன்று. பெயர் வழங்கியவாறே வழங்கட்டும். படத்தின் கீழ் எழுதுங்கால் அது யாது என்று தெளிவுறுத்துதல் வேண்டும்.

நம் பண்டைப் புலவர்கள் இவ்வகையிற் கூர்மை மிக்கவர்கள். காட்டுப்பூனைக்கு ‘வெருகு’ என்று தனிப்பெயர் வழங்கினர். அதன் இளமைக்குரிய பெயர் ‘குட்டி’ என்று தொல்காப்பிய மரபியல் வரையறுக்கின்றது. வெருகுக் குட்டியின் கூரிய பற்களை முல்லையரும்பிற்கு உவமையாக்கினர் சங்கச் சான்றோர். அக்குட்டியின் வாயை அணுகிக் கண்டவர்க்கன்றி அவ்வுவமை தோன்றாது. கண்ணாற் கண்டதைக் கண்டவாறு சொல்லும் அம்மரபே நிழற்படத்தை உரைப்பார்க்கும் வழிகாட்டியாகும்.

அவ்வழியே நின்று பனிச்சிறுத்தையின் படத்தை மீண்டும் நோக்குவோம். அதன் உடல் சாம்பலும் வெண்மையும் கலந்த நிறம். அதன்மேற் கரிய வளையங்கள். மாந்தர் கண்ணுக்கு இது வெறும் ஒப்பனை. ஆனால் பாறையும் பனியும் விரவிய மலைச்சரிவில் அவ்வளையங்கள் கல்லின் நிழலோடு கலந்து விலங்கினை மறைத்துவிடும். பாதங்கள் அகன்றவை, அடியிலும் மயிர் அடர்ந்தவை. அதனால் பனியில் அழுந்தாமல் நடக்க இயலும். வால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். செங்குத்தான பாறைகளிற் பாயும்பொழுது உடலை நிலைநிறுத்தவும், துயிலும்பொழுது முகத்தைப் போர்த்தி வெப்பங்காக்கவும் உதவுவது. செவிகள் சிறியவை, வெப்பம் வீணாகாமைப் பொருட்டு அவ்வாறு அமைந்தன. கண்கள் வெளிறிய பசுமை அல்லது சாம்பல் நிறத்தன. கடல்மட்டத்திற்கு மேல் 3,000 மீட்டரினும் உயர்ந்த மலைகளில் நீல ஆட்டினையும் ஐபெக்ஸ் என்னும் காட்டாட்டினையும் இரையாகக் கொண்டு வாழும் இவ்விலங்கு, கடுங்குளிர்க்காலத்தில் இரையினைத் தொடர்ந்து சற்றுத் தாழ்ந்த பள்ளத்தாக்குகட்கு இறங்கும். படங்கள் பலவும் குளிர்காலத்தில் எடுக்கப்படுதற்குக் காரணம் இதுவே. இத்துணையும் ஒரு படத்தினின்று கற்கலாம். கற்பிக்க ஒரு சொல் வேண்டும்.

இதுகாறும் கூறியது மெய்ப்படத்தின் பயன். பொய்யான உரையால் விளையும் கேடும் உண்டு. 2009 ஆம் ஆண்டிற்குரிய அதே இலண்டன் பரிசு, வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயின் படத்திற்கு வழங்கப்பட்டது. பின்னர், அவ்வோநாய் பழக்கி வளர்க்கப்பட்ட விலங்காதல் கூடும் என்று நடுவர்கள் கருதி, 2010 ஜனவரியில் அப்பரிசினை நீக்கினர். படமெடுத்தவர் அதனை மறுத்தார். நடுவர்கள் நோக்கியது படத்தின் அழகினையன்று. அதனோடு வந்த கூற்று ஏற்கத்தக்கதா என்பதையே. அழகில் அப்படத்திற்குக் குறைவில்லை. ஓர் அறிவியல் நிலையம் அழகினும் மெய்ம்மையை மேலாகக் கொண்டது என்பது நாம் போற்றத்தக்க செய்தி.

அமெரிக்காவின் மான்ட்டனா மாநிலத்தில், கட்டணம் பெற்றுக்கொண்டு வளர்ப்பு விலங்குகளை வெண்பனியில் ஓடவிட்டுப் படமெடுக்க இடந்தரும் பண்ணைகள் பல்லாண்டுகளாக நடந்துவந்துள்ளன. மலைப்பூனை, லிங்க்ஸ், புலி, பனிச்சிறுத்தை ஆகியவற்றைப் புத்தம்புதிய பனியில், நல்ல ஒளியில், ஒரே காலைப்பொழுதிற் படமெடுத்துவிடலாம். அவ்வாறு எடுத்த படங்கள் நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் ‘காட்டின் அரசன்’ என்பன போன்ற பெயர்களோடு உலவுகின்றன. இப்பொழுதோ, விலங்கும் வேண்டா, பனியும் வேண்டா. சில சொற்களைத் தட்டினால் கணிப்பொறியே பனிப்பூனையொன்றைப் படைத்தளிக்கின்றது. அப்படத்தில் உள்ள விலங்கு பிறந்ததுமில்லை, பசித்ததுமில்லை.

‘அழகைக் காண்பதே நோக்கமாயின், விலங்கு கூண்டினதாயினும் கணிப்பொறியினதாயினும் யாது கேடு? காட்டுவிலங்கினைத் தொல்லை செய்யாமலிருத்தல் நன்றன்றோ?’ என்று சிலர் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. குளிர்காலத்தில் லடாக்கிலும் ஸ்பிதியிலும் ஒரு பனிச்சிறுத்தை தென்பட்டதென்று கேட்டவுடன், நெடுங்குழல் கருவிகளைத் தாங்கிய பெருங்கூட்டம் திரண்டு அதனை நெருக்குமாயின், இரை தேடும் விலங்கிற்கு இடையூறு நேரும். அத்தகைய படத்தினும் வளர்ப்பு விலங்கின் படம் குற்றம் குறைந்ததாகலாம். ஆயினும் அதனை வளர்ப்பு விலங்கென்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டாற் குற்றமில்லை. ஓவியன் தீட்டிய புலியை ஓவியம் என்கின்றோம். நாடகத்தில் நடிப்பவனை அரசன் என்று எவரும் வரி செலுத்துவதில்லை. மறைத்தலே பிழை.

அப்பிழையினால் யாருக்கு இழப்பு என்று நோக்கின் மூவர்க்கு என்பேன். முதலாவது, பல மாதங்கள் பனியிற் பொறுத்திருந்து மெய்ப்படம் எடுத்தவர்க்கு. அவர் உழைப்பும் ஒரு காலைப்பொழுதின் வாடகையும் ஒரே விலைக்குப் போகின்றன. இரண்டாவது, விலங்கிற்கு. நாள்தோறும் பத்துப் பனிச்சிறுத்தைப் படங்களைக் காணும் ஒருவர், அவை மலையெங்கும் மலிந்து கிடக்கின்றன என்றே நம்பிவிடுவர். மெய் யாதெனின், 2019 முதல் 2023 வரை நம் நாட்டில் நடந்த முதல் முழுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலுள்ள பனிச்சிறுத்தைகள் 718. அவற்றுள் லடாக்கில் 477, உத்தராகண்டத்தில் 124, இமாசலப் பிரதேசத்தில் 51, அருணாசலப் பிரதேசத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு காஷ்மீரில் 9. திருவான்மியூரின் ஒரு நடுத்தரத் திருமண மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்திற்குக் கூடும் மக்களின் தொகைதான் நாடு முழுவதிலுமுள்ள பனிச்சிறுத்தைகளின் தொகை.

இக்கணக்கினைத் தந்தவையும் நிழற்படங்களே என்பதை மறத்தலாகாது. 1,971 இடங்களிற் தானியங்கிக் கருவிகளை நிறுவி, பதிவான படங்களை ஒப்புநோக்கி, 241 தனித்தனிச் சிறுத்தைகளை ஆய்வாளர் அடையாளங் கண்டனர். மனிதர் கைரேகை போல ஒவ்வொரு விலங்கின் உடல் வளையங்களும் வேறுபடுதலின் இஃது இயலுவதாயிற்று. எஞ்சிய தொகையைக் கணித முறையால் மதிப்பிட்டனர். புலியின் வரிகளைக் கொண்டு இவ்வாறு எண்ணும் முறையைக் கருநாடகத்து நாகரஹொளேக் காட்டில் 1990 களில் உல்லாஸ் காரந்த் செவ்வைப்படுத்தினார். அப்படங்களுட் பல அழகற்றவை. வால் மட்டும் தெரிவனவும், முகம் மங்கியனவும் உண்டு. ஆயினும் ஒவ்வொன்றிலும் இடமும் நாளும் நேரமும் பதிந்துள்ளன. அதனால் அவை சான்றாகின்றன. பண்ணையில் எடுத்த பேரழகுப் படம் ஆயிரம் இருப்பினும் இக்கணக்கிற்கு ஒன்றும் உதவாது.

மூன்றாவதாக இழப்பெய்துவோர் அம்மலையில் வாழும் மக்கள். இவர்கள் பனிச்சிறுத்தைப் படங்களிற் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஓர் இரவிற் பனிச்சிறுத்தை ஆட்டுப்பட்டியிற் புகுமாயின் ஒன்றினைக் கொன்று செல்வதோடு நில்லாது. அஞ்சி அங்குமிங்கும் ஓடும் ஆடுகளுட் பலவற்றைக் கொன்றுவிடும். ஓர் எளிய குடும்பத்தின் ஆண்டு வருவாய் ஓரிரவில் அழியும். முற்காலத்தில் அச்சினத்தால் மக்கள் அவ்விலங்கினைப் பொறிவைத்துக் கொன்றனர். பின்னர், பட்டிகளின் மேற்புறத்தைக் கம்பிவலையால் மூடுதல், இறந்த கால்நடைக்கு ஈடு தரும் ஊர்க்காப்பீட்டு நிதி, பயணிகளை வீட்டில் தங்கவைத்து வருவாய் பெறுதல் முதலிய வழிகள் லடாக்கிலும் ஸ்பிதியின் கிப்பர் முதலிய ஊர்களிலும் தோன்றின. 2009 இல் இந்திய அரசு தொடங்கிய பனிச்சிறுத்தைத் திட்டமும் மலைவாழ் மக்களின் பங்கேற்பினை அடிப்படையாகக் கொண்டது. பண்ணைப் படமோ கணிப்பொறிப் படமோ இம்மக்களுள் ஒருவரையும் அறியாது. லடாக்கில் எடுத்த மெய்ப்படத்தின்கீழ் அவ்வூர்ப் பெயரும், தடங்காட்டிய ஊராரின் உதவியும் இரண்டு வரியில் எழுதப்படுமாயின், பனியின் பின்னே மக்களும் உளர் என்பது நகரத்தார்க்கு விளங்கும்.

ஈண்டு நம் ஊரின் பெயரையே நினைவு கூர்தல் பொருந்தும். திருவான்மியூர் என்னும் பெயர் வான்மீகி முனிவரோடு தொடர்புடையது என்பது வழிவழி வந்த வழக்கு. அவர்க்கு இங்கே சிறு கோயில் ஒன்றும் உண்டு. ஆற்றங்கரையில் இணைந்து மகிழ்ந்திருந்த இரு கிரௌஞ்சப் பறவைகளுள் ஒன்றினை வேடன் அம்பெய்து வீழ்த்த, அதுகண்டு இரங்கிய அவர் வாயினின்று முதற்கவிதை பிறந்தது என்பர். அக்கவிதையிற் பறவைகளின் இன்பம் மட்டும் சொல்லப்படவில்லை. வேடனும் அவன் செய்த கொலையும் சேர்த்தே சொல்லப்பட்டன. அழகினை மட்டும் பாடி அம்பினை விட்டிருப்பாராயின் அது முழுமையான உரையாகாது. பனிச்சிறுத்தையின் படத்திற்கும் அம்புகள் உண்டு. தோலுக்காக நடக்கும் கள்ள வேட்டை, கால்நடை இழந்தவரின் பழிவாங்கல், ஊரோரம் பெருகித் திரியும் நாய்கள், வெப்பம் மிகுதலாற் சுருங்கும் பனிநிலம் ஆகியன அவை. படத்தின் சட்டத்திற்கு வெளியே நிற்கும் இவற்றைச் சொல்லாற்றான் உள்ளே கொணர முடியும்.

ஆகவே, மாணவ நண்பர்கட்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். காட்டுவிலங்கின் படமொன்றைப் பிறர்க்கு அனுப்புமுன், அஃது எவ்விடத்தது, விலங்கு தன்னுரிமையுடையதா வளர்க்கப்பட்டதா, கருவி தானியங்கியதா ஆள் இயக்கியதா என்று ஒருமுறை தேடிப்பாருங்கள். விடை கிடையாவிடின் ‘விவரம் அறியப்படவில்லை’ என்று சேர்த்து அனுப்புங்கள். கல்லூரிகளில் நடைபெறும் படக்காட்சிகளில், ஒவ்வொரு படத்திற்கும் ஐந்து வரியில் உண்மையுரை வேண்டுமென்று விதி வகுக்கட்டும். உரைக்கும் மதிப்பெண் வழங்கட்டும். மூன்றாவதாக, இமயத்தை மட்டுமே நோக்கியிராமல் அண்மையிலுள்ளதையும் நோக்குங்கள். 1978 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு, மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில், நகரத்தின் நடுவே புள்ளிமானையும் வெளிமானையும் நரியையும் தாங்கி நிற்கின்றது. நம் கூரைமேல் நள்ளிரவில் நடக்கும் மரநாயை ஒரு படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, அது நாயுமன்று பூனையுமன்று என்று விளக்கி எழுதுவானாயின், அம்மாணவன் பனிமலைக்குச் சென்று திரும்பியவனினும் நல்ல பணி செய்தவனாவான்.

படம் ஒரு சாட்சி. சாட்சியின் பெயரும் ஊரும் கேளாது தீர்ப்புரைப்பார் எவருமிலர். 718 என்னும் எண் உயர்வதும் தாழ்வதும் மலையில் நிகழ்வனவற்றைப் பொறுத்தவை. அங்கு நிகழ்வதை அறிதற்கு இத்தென்கரையில் வாழும் நமக்குப் படமும் சொல்லுமே வாயில்கள். அவ்விரண்டும் பொய்யாதிருக்குமாறு காத்தல் நம்மால் இயன்ற உதவியாகும்.